ஏரி எந்தப் பக்கம்

மாமிக்கு முன்னால் யாரும் ஓர் ஊரின் பெயரைச் சும்மா சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. "என்ரை மச்சான் கனடாவிலை" என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், கையிலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைப்பார்.

"கனடாவிலை எவடம்?"

"ரொறன்ரோ."

"ரொறன்ரோவிலை எவடம்? ஏரிப் பக்கமோ, உள்ளுக்கோ? குடியடர்த்தி கூடின இடமோ?"

மச்சானைப் பற்றி இரண்டு வார்த்தை பெருமையாகச் சொல்ல வந்தவர் அந்த இடத்திலேயே திணறத் தொடங்கிவிடுவார். மச்சானின் வீட்டைச் சுற்றிக் குடியடர்த்தி எவ்வளவு என்று எந்த மச்சினன் கேட்டு வைத்திருக்கிறான்?

டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற சின்ன ஊரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் இருந்தார். சொந்தக்காரி இல்லை. அங்கே தமிழ்க் குடும்பங்கள் குறைவு, அதனால் அம்மா வயதில் இருந்த எல்லாரும் எங்களுக்கு மாமிதான். ஆனால் வெறும் "மாமி" என்று சொன்னால் அது இவரைத்தான் குறிக்கும். சுங்க அதிகாரி மாதிரிச் சோதிப்பதால், முதுகுக்குப் பின்னால் "கஸ்டம்ஸ் மாமி" என்போம். அது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று எனக்குச் சந்தேகம். தெரியாத மாதிரி இருந்துகொண்டு யார் யார் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

ஹோர்சன்ஸ் நகரில் ஒரு பெரிய களஞ்சியத்தின் அலுவலகத்தில் அவருக்கு வேலை. எந்தப் பொருள் எந்தக் கொள்கலனில், எந்தத் துறைமுகத்துக்கு என்று திட்டம் போடுகிற வேலை. அந்தக் கொம்பனி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சாமான் அனுப்பத் தொடங்கியபோது, அலுவலகத்தில் இருந்தவர்களை ஒரு மாலை வகுப்புக்கு அனுப்பினார்கள். வட அமெரிக்கா பற்றிய வகுப்பு, ஆங்கிலத்தில். முதல் பருவம் முழுக்க வெறும் புவியியல் சொற்கள்தானாம்: சமவெளி, பீடபூமி, வடிநிலம், கழிமுகம், புறநகர், நகராக்கம், குடிப்பெயர்வு. கூடப் படித்த டெனிஷ்காரர் எல்லாரும் படித்தார்கள், சோதனை எழுதினார்கள், மறந்தார்கள். மாமி மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். மலை, ஆறு, ஏரி, பனி எல்லாம் பௌதிகம். ஊர், தெரு, சனம், சம்பளம் எல்லாம் மானிடம். "பௌதிகம் பொய் சொல்லாது. மானிடம் வாயைத் திறந்தாலே கவனமா இருக்க வேணும்" என்பார். அதனால் ஒருவர் மானிடம் கதைத்தால் இவர் பௌதிகத்தால் மறிப்பார். "பெரிய வீடு" என்றால், "மேட்டிலையோ பள்ளத்திலையோ?" என்பார்.

இந்த வகுப்பைப் பற்றி ஊருக்குள் பலவிதமாகக் கதைத்தார்கள். வேலைக்காகத்தான் ஒருவர் ஏரிகளையும் பீடபூமிகளையும் படிக்கிறார் என்பதை எங்கள் ஆட்களில் ஒருவரும் நம்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்கு ஓடப் போகிறார் என்று ஒரு பகுதி. கனடாவில் யார் யாருக்கு என்ன சொத்து இருக்கிறது என்று கொமூனவுக்கு, அதாவது நகரசபைக்கு, அறிவிக்கிறார் என்று இன்னொரு பகுதி. பின்னவர்கள் மாமி வந்தால் கனடாக் கதையை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிக் கதைப்பார்கள். டென்மார்க்கில் மழையைப் பற்றி எவ்வளவு நேரமும் கதைக்கலாம் என்பதால் அவர்களுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. என் அம்மாவின் கருத்து எளிமையானது: "உவவுக்கு விடுப்பு, ஊர்ப் புதினம் அறியிற ஆசை. வேறை ஒண்டுமில்லை."

நாட்டைக்கூட அவர் நம்பவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஹிம்மல்பியர் என்று ஓர் இடம் இருக்கிறது. வானமலை என்று பொருள். ஒரு கோடைகாலம் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு கட்டிக்கொண்டு அங்கே போனோம். காரை விட்டு இறங்கி ஐஸ்கிரீம் உருகுவதற்குள் உச்சிக்கு வந்துவிட்டோம். மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"மலை எங்கை?"

"இதுதான் மாமி. நிக்கிறம்."

"இதையோ மலை எண்டிறாங்கள்?" காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "இதுக்குப் போய் வானமலை எண்டு பேர் வைச்ச சனம், வரிப் பணத்தைப் பற்றிச் சொல்லுறதை நான் எப்பிடி நம்புறது?"

அன்று சிரித்தோம். ஆனால் ஒரு பிறந்தநாள் விழாவில் நடந்தது சிரிக்கிற மாதிரி இல்லை. கனடாவிலிருந்து ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். கழுத்தில் சங்கிலி, குரலில் இன்னொரு சங்கிலி. ரொறன்ரோவில் நடு நகரத்தில் மாடி வீடு, யன்னலைத் திறந்தால் நயாகரா நீர்வீழ்ச்சியின் சத்தம் கேட்கும் என்று ரோல்ஸ் சாப்பிட்டபடி சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, இடையிலை ஒரு பெரிய ஏரி கிடக்கு. சத்தம் அதுக்கு மேலாலை நீந்தியோ வாறது?"

அந்த மனிதர் அதன் பிறகு கேக் வெட்டும் வரைக்கும் கார் தரிப்பிடத்தில் தொலைபேசியோடு நின்றார். வீட்டுக்காரிக்கு மாமி மேல் அப்படி ஒரு கோபம். எனக்கும்தான். பொய் சொன்னால் என்ன, பாவம், ஆண்டுக்கு ஒருமுறை வருகிற மனிதர். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன்.

இப்படிப்பட்டவரை எங்கள் ஆட்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள்? கலியாணப் பேச்சுக்குத்தான். ஊரில் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், சந்தியில் உள்ள கடையில் விசாரிப்பார்கள். கனடாவில் இருக்கிற மாப்பிள்ளைக்கு எந்தச் சந்தி, எந்தக் கடை? அதனால் பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் சாதகம் பொருந்திய கையோடு மாமியைக் கூப்பிடத் தொடங்கினார்கள். வீடியோ அழைப்பில் மாமி இரண்டு மூன்று கேள்வி கேட்பார். அவ்வளவுதான்.

எனக்கு வந்த முதல் சம்பந்தத்தை அவர்தான் முறித்தார். மாப்பிள்ளை தான் இருப்பது வன்கூவர் என்றார். குளிர் எப்படி என்று மாமி கேட்டார். மைனஸ் முப்பதுக்குப் போகும், மூக்கு உறைந்துவிடும் என்று அவர் வீரமாகச் சொன்னார். "வன்கூவர் கடற்கரை. அங்கை மழைதான். உவன் வேறை எங்கையோ இருக்கிறான்" என்றார் மாமி. பிறகு விசாரித்ததில் அவர் வேறு எங்கேயோதான் இருந்தார், வேறு யாரோடோ குடித்தனமும் நடத்திக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அப்பாவுக்கு மாமியின் வாய்ச்சொல் நீதிமன்றத் தீர்ப்பு.

அதற்குப் பிறகு நீண்ட காலம் ஒன்றும் பொருந்திவரவில்லை. நான் சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே இருந்த கிழவிகள்கூட எனக்கு எப்போது கலியாணம் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போதுதான் இவர் வந்தார். ரொறன்ரோ மாப்பிள்ளை என்று தரகர் சொன்னார். பெரியவர்கள் அனுமதித்தபடி இரண்டு முறை தொலைபேசியில் கதைத்தோம். மற்ற மாப்பிள்ளைகள் தங்கள் காரைப் பற்றிக் கதைப்பார்கள். இவர், வேலை முடிந்து வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒருவரோடும் கதைக்காமல் இருப்பேன் என்றேன். "நானும் அப்பிடித்தான்" என்றுவிட்டு, உடனே, "அப்ப ரெண்டு பேரும் ஒரு வீட்டிலை இருந்தால் நல்ல அமைதியா இருக்கும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், நன்றாகப் பிடித்துப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமி வந்து எங்கள் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். அங்கே அவர்களுக்குக் காலை. திரையில் மாப்பிள்ளை தலையை நன்றாக வாரிக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, உங்கடை வீட்டு வாசல்லை நிண்டு பாத்தால் ஏரி எந்தப் பக்கம்?"

"வடக்கை, அன்ரி." ஒரு கணமும் யோசிக்கவில்லை.

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மாப்பிள்ளையின் தாயின் சுகத்தை விசாரித்து, மரியாதையாக அழைப்பை முடித்தார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"ரொறன்ரோவுக்கு ஏரி தெற்கை. ஏரி இடம் மாறாது. அப்ப ஆர் மாறினது?"

அப்பா அன்றே தரகருக்குச் சொல்லிவிட்டார், சரிவராது என்று.

அந்த வாரம் முழுக்க எனக்கு மாமியின் மேல் எரிச்சல். அம்மா சமையலறையில் மெதுவாக ஒரு கதை சொன்னார். மாமியின் தமையனுக்கு நோர்வேயில் ஒரு மகன் இருக்கிறானாம், கலியாணம் ஆகவில்லையாம். "உவ எல்லாத்தையும் முறிக்கிறது சும்மாவோ?" என்றார் அம்மா. நான் அதை நம்பினேன். நம்ப வேண்டும் போல இருந்தது. மாமி என்னைத் தெருவில் கண்டு சிரித்தபோதெல்லாம் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நோர்வேக்காரன் நிற்பது போலவே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் குளக்கரையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து, நானே அந்த மாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். பெண் பிள்ளை இப்படி எடுப்பது எங்கள் ஆட்களிடம் இல்லை. போனால் போகட்டும் என்று எடுத்தேன்.

"ஏரி எந்தப் பக்கம் எண்டு உண்மையாச் சொல்லுங்கோ."

"வடக்கை." அவருடைய குரலில் குழப்பம்தான் இருந்தது. "அந்த அன்ரிக்கு அதிலை என்ன கோவம்? ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?"

"நீங்கள் ரொறன்ரோவோ?"

"ரொறன்ரோப் பக்கம்."

"எவ்வளவு பக்கம்?"

"கார் ஓடினால்… ஒண்டரை மணித்தியாலம். ஏரிக்கு இந்தக் கரை. பழத்தோட்ட ஊர். பேர் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது, அதாலை அம்மா எல்லாருக்கும் ரொறன்ரோ எண்டே சொல்லிப்போட்டா."

"ஒண்டரை மணித்தியாலம் ஓடினால் எனக்குக் கிட்டத்தட்ட ஜேர்மனி வந்திடும்" என்றேன். "நயாகராப் பக்கம் எண்டாவது சொல்லியிருக்கலாமே?"

"அப்பிடிச் சொன்னால் எல்லாரும் நீர்வீழ்ச்சிப் படம் அனுப்பச் சொல்லிக் கேப்பினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்: "நீங்கள் கோப்பன்ஹேகன்லை எந்த இடம்?"

அப்பா தரகரிடம் கோப்பன்ஹேகன் என்றுதான் சொல்லியிருந்தார். நாங்கள் எல்லாரும் வெளிநாட்டுக்காரரிடம் அப்படித்தான் சொல்வோம், சில்க்போர்க் என்றால் யாருக்குத் தெரியும்? நான் உண்மையைச் சொன்னேன். எவ்வளவு தூரம் என்றார். ரயிலில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் என்றேன்.

"அப்ப என்னிலும் பாக்க நீங்கள் ரெண்டு மடங்கு" என்றார்.

அங்கிருந்து நேரே மாமியின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவரிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மாமி, ஏரிக்குத் தெற்குக் கரை எண்டும் ஒண்டு இருக்கெல்லோ?"

என்னைக் கூர்ந்து பார்த்தார். தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து விரலால் ஏரியைச் சுற்றி வந்தார். கீழ்க் கரையில் விரல் நின்றது.

"அங்கை நிண்டால் வடக்கைதான்" என்றார் மெதுவாக. "நான் ஒரு கரையைத்தான் யோசிச்சனான்." அதோடு விட்டாரா? இல்லை. "அப்ப ஏன் ரொறன்ரோ எண்டவன்?"

"அப்பா ஏன் எங்களைக் கோப்பன்ஹேகன் எண்டவர்?"

மாமி அதை எதிர்பார்க்கவில்லை. உலகம் முழுக்கச் சோதித்தவர் எங்கள் வீட்டைச் சோதிக்க மறந்திருந்தார். என்னை உள்ளே வரச் சொல்லி, கதிரையைக் காட்டிவிட்டுத் தான் நின்றுகொண்டே கதைத்தார்.

"என்னைக் கலியாணம் கட்டி அனுப்பேக்கை என்னைப் பெத்த அப்புவும் கோப்பன்ஹேகன் எண்டுதான் ஊரெல்லாம் சொன்னவர். என்னைக் கட்டின மனிசன் பாவம், உள்ளதைத்தான் சொன்னவர். அப்புதான் மாத்திச் சொன்னது. நான் வந்து இறங்கினது ஸ்கீவ எண்ட ஊருக்கு அங்காலை, பண்டி வளர்க்கிற ஒரு பண்ணைத் தெரு. முன்னுக்கும் வயல், பின்னுக்கும் வயல், நாள் முழுக்கப் பண்டி மணம். அம்மா ரெலிபோன்லை கேட்டா, பிள்ளை, ராசா வீடு தெரியுதோ எண்டு. யன்னலாலை பாத்தன். பண்ணைக்காரன் தானியம் கொட்டுற கோபுரம் ஒண்டு தெரிஞ்சுது. ஓம் அம்மா, கோபுரம் தெரியுது எண்டன்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"பிறகு எடுக்கிற நேரமெல்லாம் கேட்டா. நானும் அந்தக் கோபுரத்துக்கு ஒரு வாசல் வைச்சன், காவல்காரனை வைச்சன், பூந்தோட்டம் வைச்சன். அம்மா செத்த நேரம் எனக்குப் பயணப் பத்திரம் சரிவரேல்லை, போகேலாமல் போச்சு. செத்தவீட்டிலை சனம் கதைச்சதாம், ராசா வீட்டுக்குப் பக்கத்திலை இருக்கிறவள், தாயின்ரை செத்தவீட்டுக்கு வர மனமில்லை எண்டு." மூக்கை உறிஞ்சினார். "எங்கடை ஆக்கள் எப்பிடிக் கதை கட்டுவினம் எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. நான் கட்டினவள். அதுதான் கேக்கிறன்."

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சந்தேகம் எழும்பியது. கோபுரத்துக்குக் காவல்காரன் வைக்கத் தெரிந்தவர், இந்தக் கதைக்கும் ஏதாவது வைத்திருக்க மாட்டாரா? நோர்வேக்காரனும் நினைவில் வந்து போனான். ஆனால் கதையில் எந்த இடத்திலும் அவர் தன்னை நல்லவளாகக் காட்டவில்லை. அதனால் நம்பினேன். அவரை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. அவரிடம் அதைச் சொன்னால் எதற்குச் சொல்கிறாய் என்று கேட்பார் என்ற பயத்தில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மாமி தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். முடிந்த கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா நோர்வேயை மனதில் வைத்துக்கொண்டு மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி ஒருவரையும் கவனிக்கவில்லை. வீடியோ வேண்டாம், முகம் பார்த்தால் ஆட்கள் அலங்கரிப்பார்கள் என்று சாதாரண அழைப்பாக எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"தம்பி, முதல்லை நான் சொல்லுறன். நாங்கள் இருக்கிறது கோப்பன்ஹேகன் இல்லை. சில்க்போர்க். சின்ன ஊர். மலை எண்டு ஒண்டு இருக்கு, அது மலை இல்லை. குளங்கள் இருக்கு, அது உண்மை. பிள்ளை வயது போன ஆக்களைப் பராமரிக்கிற வேலை. பின்னேரம் வந்தால் களைச்சுப் போய் இருப்பாள், ஒருத்தரோடையும் கதையாள்."

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்பாவின் கோப்பன்ஹேகனை ஒரே மூச்சில் இடித்துத் தள்ளிவிட்டார் மாமி.

"இப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்றார். "வடிவாச் சொல்லத் தேவையில்லை."

மறுபக்கத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

"சுத்திவர பீச் பழத் தோட்டம், அன்ரி. அது எங்கடை இல்லை. நான் தக்காளி வளர்க்கிற கண்ணாடி வீட்டிலை வேலை. பஸ் இல்லை. கார் ஓடத் தெரியாட்டில் ஒரு இடமும் போகேலாது. தமிழ் ஆக்கள் இன்னும் ஒரு வீடு இருக்கு, அவையோடை எங்களுக்குக் கதைபேச்சில்லை. கிட்டடியிலை கடை ஒண்டு இருந்தது. அதையும் போன வருசம் பூட்டீட்டாங்கள்."

அம்மா, "ஐயோ, கடையும் இல்லையோ" என்றார். அப்பா என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

மாமி தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, இவன் பொய் சொல்லேல்லை. பொய் சொல்லுறவன் அந்தக் கடையையாவது திறந்து வைச்சிருப்பான்."

"ஓம், எனக்குச் சம்மதம்" என்றேன், பொத்தியிருந்த கைக்குள்ளாலும் மறுபக்கத்தில் அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே.